வன்னியில் ஊடகம் படித்து என்ன செய்வது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்து போய் ஊடகக் கற்கை படிக்கிறேன். மூன்றாம் வருடம். தொடர்பாடல் கோட்பாடுகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு நீதிமன்றச் செய்தியை எப்படி எழுதுவது என்று இதுவரை யாரும் காட்டித் தரவில்லை. கமரா என் கைக்கு வருவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். விடுமுறையில் பயிற்சிக்குப் போன இடத்தில், பேஸ்புக்கில் கிடந்ததை எடுத்து 'அதிர்ச்சி' என்று தலைப்புப் போடச் சொன்னார்கள். பஸ் காசுகூடத் தரவில்லை. அம்மா, "ரீச்சிங்குக்குப் போயிருக்கலாமே பிள்ளை" என்கிறா. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் பட்டதாரி நியமனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதை வைத்து வன்னியில் பிழைக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தங்கைக்கு,

இதை மட்டும் வைத்து வன்னியில் பிழைப்பது மிகக் கஷ்டம். சம்பளத்தோடு உள்ள வேலைகள் பெரும்பாலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும்தான். இங்கே இருப்பவர்களில் அநேகர் பிரதேச நிருபர்கள். வெளியான செய்திக்குத்தான் அவர்களுக்குக் காசு. ஒட்டுசுட்டானில் இருந்து கொக்கிளாய்க்கு மோட்டார் சைக்கிளில் போய், கடற்கரை வெயிலில் நின்று படம் எடுத்து, இரவு இருந்து எழுதி அனுப்பினால் அது மூன்று வரியாகச் சுருங்கி உள்பக்கம் ஒன்றில் வரும். சிலநாள் வரவே வராது. அடித்த பெற்றோல் அடித்ததுதான். 2022 நெருக்கடியில் தாள் தட்டுப்பாட்டால் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. செய்திக் கணக்கில் காசு வாங்குகிறவருக்குப் பக்கம் குறைந்தால் வருமானமும் குறையும். அதனால் பலர் ஒரு கடையையோ ரியூசன் வகுப்பையோ வைத்துக்கொண்டுதான் நிருபராக இருக்கிறார்கள். நீங்களும் அப்படி இன்னொரு வருமானத்தை இப்போதே யோசித்து வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக இருக்கிறது, அந்தக் கதவையும் மூடிவிடாதீர்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: அரச உத்தியோகத்தர் ஊடகத்துக்குத் தகவல் கொடுப்பதை, அவர்களுக்கான விதிகளின் தொகுப்பான தாபனக் கோவை கட்டுப்படுத்துகிறது. நியமனம் கிடைத்த பிறகு முன்புபோல எழுதலாம் என்று நம்பி ஏமாறக்கூடாது.

பயிற்சி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபோது கோபம் வந்தது. பயிற்சி என்றால் நீங்கள் எழுதியதை ஒருவர் பக்கத்தில் வைத்து, இந்த வரியை ஏன் வெட்டினேன், இந்தப் பெயரை ஏன் நீக்கினேன் என்று சொல்லித்தர வேண்டும். அது நடக்காத இடத்தில் சும்மா வேலை வாங்குகிறார்கள், அவ்வளவுதான். அப்படியான இடத்தில் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் இருக்க வேண்டாம்.

அப்படியென்றால் ஏன் இந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்கிறேன்? மே 18 நினைவேந்தல் வந்தால் முள்ளிவாய்க்காலில் கமராக்கள் நிறைந்துவிடும். நவம்பர் 27 மாவீரர் நாள், வெள்ளம் என்றாலும் வருவார்கள். மிச்ச நாட்களில் இங்கே நடப்பதை எழுத இங்கே உள்ளவர்தான் வேண்டும். முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயை எடுங்கள். 2023 யூனில் தண்ணீர்க் குழாய் போட வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதவான் நீதிமன்றம், சட்ட வைத்திய அதிகாரி, தொல்லியலாளர்கள் என்று அது கட்டம் கட்டமாகப் போய், 2024 யூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் என்று கணக்கு வந்தது. இதை எழுதுகிறவருக்கு நீதவான் என்ன கட்டளை போட்டார், ஒரு எலும்புத்தொகுதியை எப்போது ஓர் ஆளாகக் கணக்கிடுவார்கள், எந்த அறிக்கை இன்னும் வரவில்லை என்பதெல்லாம் தெரிய வேண்டும். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டம் தொடங்கிய தாய்மார் அந்தச் செய்தியை வரிவரியாக வாசிப்பார்கள். புதைகுழியில் கிடைத்த ஓர் உடுப்பைப் பற்றி உறுதி செய்யாமல் ஒரு வரி போட்டால் அந்த வீடுகளில் அன்றிரவு யாரும் நித்திரை கொள்ளமாட்டார்கள். உங்களைப் போடச் சொன்ன அந்த 'அதிர்ச்சி'த் தலைப்பு இந்தச் செய்திக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபத்தும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவின் முறிப்பில் மரக்கடத்தல் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன இரண்டு நிருபர்கள் தாக்கப்பட்டார்கள். அடுத்த வருடம் நவம்பரில் முள்ளிவாய்க்கால் பெயர்ப்பலகையைப் படம் எடுத்த ஒருவரைப் படையினர் அடித்தார்கள். தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள்.

சரி, வகுப்பில் கிடைக்காததை எங்கே படிப்பது? திறந்த மன்றில் நடக்கும் வழக்குகளைப் பின்வாங்கில் இருந்து கேட்கலாம். விடுமுறையில் ஒரு வழக்கைத் தவணை தவணையாகப் பின்தொடருங்கள். சிங்களமும் படியுங்கள், பொலிஸிலும் கொழும்பு அலுவலகங்களிலும் அது இல்லாமல் பாதிச் செய்தி கைநழுவிப் போகும். அப்புறம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கு நிருபர் அட்டை தேவையில்லை. இலங்கைப் பிரஜை என்றால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர் கிரவல் ரோட்டில் இருந்து தொடங்குங்கள். எவ்வளவு காசு ஒதுக்கினார்கள், ஒப்பந்தகாரர் யார், எத்தனை மீற்றர், எந்தத் திகதியில் முடிந்ததாகப் பதிவு இருக்கிறது என்று நான்கு கேள்வியைத் தமிழிலேயே எழுதிப் பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதில் கைக்கு வந்ததும் அளவு நாடாவோடு ரோட்டில் இறங்கி நீங்களே அளந்து பாருங்கள்.

பட்டத்தை இடையில் விட வேண்டாம், இன்னும் ஒரு வருடம்தானே. அந்த விண்ணப்பத்தை இந்த விடுமுறையிலேயே கொடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், அதை எப்படிச் செய்தியாக்குவது என்று வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணா