கடன் வசூல் போன்கள்: பேசித் தீராது, எழுதிக் கேளுங்கள்

கடன் வசூல் அழைப்புகளைப் பற்றி வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. கடன் வாங்கியவர்கள் எழுதுகிறார்கள், வாங்காதவர்களும் எழுதுகிறார்கள். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: என்னோடு பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், தனிநபர் கடன் வாங்கும்போது என் எண்ணை ரெஃபரன்ஸாகக் கொடுத்துவிட்டார். இப்போது அவர் தவணை கட்டுவதில்லை, போனையும் எடுப்பதில்லை. வசூல் ஆட்கள் எனக்கு நாள் முழுக்க அடிக்கிறார்கள். “அவர் கட்டலைன்னா நீங்கதான் கட்டணும்” என்கிறார்கள். ஒரு எண்ணை பிளாக் செய்தால் இன்னொரு எண்ணில் வருகிறார்கள். என்ன செய்வது? (வாசகர், திருப்பூர்)

பதில்: நீங்கள் ஒரு பைசாகூடக் கட்ட வேண்டியதில்லை. ரெஃபரன்ஸ் வேறு, ஜாமீன் வேறு. ஜாமீன் போட்டவரின் பொறுப்பு பெரியது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் அவருக்கும் உண்டு. ஆனால் யாரோ ஒரு படிவத்தில் உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டார் என்பதால் நீங்கள் ஜாமீன்தாரர் ஆகிவிட மாட்டீர்கள். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, ஓடிபி சொல்லி ஒப்புதலும் தரவில்லை என்றால் அந்தக் கடனுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

அழைப்பவருக்கும் இது நன்றாகத் தெரியும். உங்களைத் தொந்தரவு செய்தால் நீங்கள் நண்பரைத் தேடிப் பிடிப்பீர்கள், இல்லாவிட்டால் தொல்லை தாங்காமல் ஒரு தவணையை நீங்களே கட்டிவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதி விட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகத் தடுக்கிறது. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், ரெஃபரன்ஸாகக் கொடுக்கப்பட்டவர்கள், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் வசூல் ஆட்கள் குறுக்கிடக் கூடாது. மிரட்டக் கூடாது, யார் என்று சொல்லாமல் அழைக்கக் கூடாது, விடாமல் அழைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. ஏஜென்ட் செய்யும் தவறுக்கு அவரை வேலைக்கு வைத்த வங்கியோ நிதி நிறுவனமோதான் பொறுப்பு.

அதனால் பிளாக் செய்துகொண்டே இருக்காமல் ஒரே ஒரு அழைப்பை நிதானமாக எடுங்கள், பதிவும் செய்துகொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் கடன், எந்த ஏஜென்சி, பேசுபவர் பெயர் என்ன என்று கேளுங்கள். “நான் கடன் வாங்கியவனும் இல்லை, ஜாமீன்தாரனும் இல்லை. என் எண்ணை நீக்குங்கள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். நண்பரின் புது முகவரி, வேலை பார்க்கும் இடம் எதையும் சொல்ல வேண்டாம். “நான் அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன்” என்றும் சொல்ல வேண்டாம். ஒரு தடவை தகவல் தந்துவிட்டால், அடுத்த தகவலுக்கும் உங்களிடம்தான் வருவார்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். அதற்கு இப்படி எழுதுங்கள்: “உங்கள் கடன்தாரர் ஒருவரின் கடன் தொடர்பாக எனக்கு இன்ன எண்களிலிருந்து, இன்ன தேதிகளில், இன்ன நேரங்களில் அழைப்புகள் வந்தன. நான் அந்தக் கடனுக்கு ஜாமீன்தாரர் அல்ல. என் எண்ணை உங்கள் பதிவிலிருந்தும் உங்கள் ஏஜென்சியின் பதிவிலிருந்தும் நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.” அழைப்புப் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டை இணையுங்கள். போனில் எவ்வளவு சத்தம் போட்டாலும் நிறுவனத்துக்குள் அது யார் காதுக்கும் எட்டாது. எழுத்தில் போன புகாருக்கு ஒரு எண் விழும், யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகும் மிரட்டல் தொடர்ந்தால், அந்த மின்னஞ்சல் நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: வேலை போய்விட்டதால் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட முடியவில்லை. வசூல் ஆள் இரவு ஒன்பது மணிக்கு மேல் அழைக்கிறார். என் கணவரின் அலுவலக எண்ணுக்கும் அழைத்துச் சொல்லிவிட்டார். “நாளைக்கு போலீஸ் வரும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. கைது செய்வார்களா? (வாசகி, சேலம்)

பதில்: பாக்கி உங்களுடையது, அதைக் கட்டும் பொறுப்பும் உங்களுடையதுதான். ஆனால் அதைக் கேட்கும் முறைக்குச் சட்டம் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று நான் மேலே சொன்ன அதே சுற்றறிக்கை சொல்கிறது. கணவரின் அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னது இன்னும் பெரிய மீறல். நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பதும் குடும்பத்தாரின் அந்தரங்கத்தில் நுழைவதும் அதில் தடுக்கப்பட்டவை.

கைது பயத்தை விடுங்கள். கடன் கட்ட முடியாமல் போவது சிவில் விஷயம், அதற்காக மட்டும் போலீஸ் வீட்டுக்கு வராது. ஒரு எச்சரிக்கை உண்டு. காசோலை கொடுத்திருந்து அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆணை பணமில்லாமல் திரும்பினாலும், 2007-ஆம் ஆண்டு பணம் செலுத்தல் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் வழக்கு வரலாம். இவை இரண்டிலும் முதலில் நோட்டீஸ் வரும், அப்புறம் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும். சம்மன் என்று வந்தால் கட்டாயம் ஆஜராக வேண்டும். ஆனால் அசோகச் சின்னமும் சிவப்பு எழுத்துமாக ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் படத்துக்கும் சம்மனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வழக்கு எண்ணும் நீதிமன்றத்தின் பெயரும் அதில் இருந்தால், இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லாத வழக்குக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாட்ஸ்அப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பொய்யாக மிரட்டினார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

இப்போது வங்கிக்கு இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்றில் உங்கள் நிலைமை: வேலை போன தேதி, அதற்கான சான்று, மாதம் எவ்வளவு கட்ட முடியும், பாக்கியைத் தவணையாக மாற்றித் தர முடியுமா. கூடவே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குக் கேளுங்கள். இன்னொன்று வசூல் ஆளின் மேல் புகார். ஏஜென்சியின் பெயரும் அதற்குத் தந்த அங்கீகாரக் கடிதத்தின் நகலும் வேண்டும் என்று அதில் கேளுங்கள். எந்த ஏஜென்சியிடம் உங்கள் கணக்கை ஒப்படைத்திருக்கிறது என்று வங்கி உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்பது 2008-இலிருந்தே உள்ள விதி. புகார் நிலுவையில் இருக்கும்போது கணக்கை ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்பதும் அதே விதிதான், வேண்டுமென்றே கிளப்பிய புகார் என்று வங்கி உறுதியாக நம்பினால் தவிர. 30 நாளில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், சிஎம்எஸ் என்ற அதன் புகார் இணையதளத்தில் பதியலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

ஏஜென்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணம் கார்டு கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். குறைந்த தொகைக்குக் கணக்கை முடித்துக்கொள்ளும் செட்டில்மென்ட் பேசினால் வங்கியின் கடிதம் முதலில் கைக்கு வரட்டும், பணம் அப்புறம். அப்படி முடித்த கணக்கு உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும், பின்னால் கடன் கேட்கும்போது அது இடிக்கும். முடிந்தால் நேரம் எடுத்துக்கொண்டு முழுசாகக் கட்டி முடிப்பதையே நான் சொல்வேன்.

கேள்வி: புது சிம் வாங்கி சில வாரம்தான் ஆகிறது. முன்பு அந்த எண்ணை வைத்திருந்தவரின் கடனைக் கேட்டு எனக்கு அழைக்கிறார்கள். டிஎன்டி போட்டால் நிற்குமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: நிற்காது. 1909-இல் பதியும் டிஎன்டி விளம்பர அழைப்புகளுக்குத்தான். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குத் தரலாம் என்பதால் இந்தச் சிக்கல் சகஜமாகிவிட்டது. சிம் உங்கள் பெயரில் இயங்கத் தொடங்கிய தேதிக்கான ஆதாரத்தை இணைத்து, அந்த நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆதார் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள், அதற்கு இங்கே அவசியமே இல்லை.

கேள்வி: பத்து வருடத்துக்கு முந்தைய தனிநபர் கடனுக்கு இப்போது ஒரு ஏஜென்சி அழைக்கிறது. “ஆயிரம் ரூபாய் மட்டும் போடுங்க, கடன் இருக்கிறதா ஒரு மெயில் அனுப்புங்க, வட்டியைத் தள்ளுபடி பண்றோம்” என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், மதுரை)

பதில்: அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அடமானம் இல்லாத கடனுக்குக் கட்டத் தவறியதிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம். அந்த 3 ஆண்டுக்குள் நீங்கள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். காலம் முழுவதும் கடந்துபோன பிறகும், “கட்டுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி அது புது வாக்குறுதியாகச் செல்லும். அவர்கள் மெயில் கேட்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். ஏற்கெனவே நீதிமன்றத் தீர்ப்பு இருந்தாலோ, அடமானக் கடனாக இருந்தாலோ இந்தக் கணக்குப் பொருந்தாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அதன் உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் அங்கே இலவச உதவி உண்டு.

கேள்வி: என் தங்கை ஒரு ஆப்பில் ஐந்தாயிரம் கடன் கேட்டாள். கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். அவள் படத்தை ஆபாசமாக மாற்றி, போனில் உள்ள எல்லோருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்கள். அவள் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருக்கிறாள். (வாசகி, விழுப்புரம்)

பதில்: முதலில் தங்கையைத் தனியாக விடாதீர்கள். “தப்பு செய்தது அவர்கள், நீ இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மனம் தாங்காமல் போனால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இது கடன் வசூல் இல்லை, பணம் பறிப்பு. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பணம் பறித்தலுக்கு 308-ஆவது பிரிவு, மிரட்டலுக்கு 351-ஆவது பிரிவு இருக்கின்றன. ஆபாசப் படத்தை இணையவழி அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவும் சேரும். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள். இனிமேல் பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை பயந்து கட்டியவரிடம் மறுபடி கேட்பதுதான் இவர்கள் வழக்கம். ஆப்பை நீக்குவதற்கு முன் அதன் பெயர், கடன் விவரம், பணம் வந்த கணக்கு, மிரட்டிய செய்திகள் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்புப் பட்டியல், படங்களைப் பார்க்கும் அனுமதியை அமைப்புகளில் போய் ரத்து செய்துவிட்டு அப்புறம் நீக்குங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் பலன் தரும். “என் போனிலிருந்து எண்களைத் திருடி மோசடி ஆட்கள் போலிப் படம் அனுப்பலாம், திறக்க வேண்டாம், புகார் கொடுத்திருக்கிறேன்” என்று சொந்தக்காரர்களுக்கும் தோழிகளுக்கும் தங்கையே முந்திக்கொண்டு செய்தி அனுப்பட்டும். மிரட்டுபவர் கையில் இருப்பது ரகசியம் ஒன்றுதான். அது போய்விட்டால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

முறையாகக் கடன் தரும் ஆப் எதுவும் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே விதித்திருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் 2025-இலிருந்து ரிசர்வ் வங்கியின் தளத்தில் இருக்கிறது. இந்த ஆப் அதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ‘சச்சேத்’ என்ற புகார் தளத்திலும் பதியுங்கள்.

கேள்வி: மகளிர் குழுக் கடனில் ஒரு தவணை தவறியது. மைக்ரோ பைனான்ஸ் ஆள் காலை ஏழு மணிக்கு போன் செய்துவிட்டு, வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். (வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: மைக்ரோ பைனான்ஸுக்கு நேர வரம்பு இன்னும் குறுகியது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்கின்றன 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிகள். பணம் வாங்க வேண்டிய இடம் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடம். அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராமல் இருந்தால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். ஒரு தவணை தவறியதற்கே வாசலில் வந்து உட்காருவது விதிமீறல். தவணை கட்டக் குழுவினர் கூடும் சென்டர் மீட்டிங்கைத் தவற விடாதீர்கள். கையில் பணம் இல்லாவிட்டாலும் போய், எப்போது கட்ட முடியும் என்று சொல்லுங்கள். உங்களிடம் உள்ள கடன் அட்டையில் குறைதீர் அதிகாரியின் பெயரும் எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். அவர் எத்தனை மணிக்கு அழைத்தார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்து, அந்த அதிகாரியிடம் புகார் கொடுத்துப் புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். குழுவில் மற்றவர்களுக்கும் இதே தொல்லை என்றால் எல்லோரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.