ஹெய்ட்டிக்குப் போகும் விதைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டத்தில் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். அமெரிக்காவில் வசிக்கும் என் தங்கையின் சபையார் ஆண்டுதோறும் காய்கறி விதைப் பொட்டலங்களைச் சேகரித்து, கரீபியன் நாடான ஹெய்ட்டியில் ஊழியம் செய்கிறவர்கள் வழியாக அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். தக்காளி, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம் என்று பல வகை விதைகள் ஓர் உறையில் இருக்கும். கூடவே ஒரு வேத வசன அட்டையும் இருக்கும். இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாம் என்று சங்கத்தில் சொன்னேன். “பசித்தவனுக்கு விதையைக் கொடுத்தால் விளையும்வரை எதைச் சாப்பிடுவான்? அரிசி வாங்கிக் கொடுங்கள்” என்றார் மூத்த அம்மா ஒருவர். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, “இதெல்லாம் மதம் மாற்றப் போடும் தூண்டில்” என்கிறான். இரண்டுமே எனக்கு முழுச் சரியாகப் படவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. வேளாண்மை பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். இது நல்ல காரியமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பசித்த ஊருக்கு விதை கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த உறைக்கு உங்கள் காணிக்கையைக் கொடுக்க வேண்டாம் என்பேன். ஏனென்று சொல்கிறேன்.

வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் பொழுது ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தொட்டால்தான் வெங்காயம் கிழங்கு கட்டும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் விற்கும் ரகங்களுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். ஹெய்ட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 18 முதல் 20 பாகைக்குள் கிடக்கும் நாடு. ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலே அங்கே 13 மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். அந்த விதையை வாங்கிய பெண் நாற்றுவிட்டு, பிடுங்கி நட்டு, தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றி, மாதக்கணக்கில் காத்திருந்தால் கடைசியில் கிடைப்பது வெங்காயத்தாள். குறும்பகல் ரகங்கள் இருக்கின்றன, வெப்ப நாடுகளுக்கு அவைதான் ஏற்றவை. கடையில் மிஞ்சியதை அள்ளிப் போடும் உறையில் இந்த வேறுபாட்டை யார் பார்க்கிறார்கள்?

கேரட்டும் முட்டைக்கோஸும் தலைநகருக்கு மேலே உள்ள கென்ஸ்காஃப் மலைப்பகுதியில் நன்றாக விளையும். ஆனால் அவை பூத்து விதை கட்டுவதற்குப் பல வாரக் குளிர் வேண்டும். சமவெளியில் அந்தக் குளிர் கிடைக்காது. நம்மூர் விவசாயியும் முட்டைக்கோஸ் விதையைத் தன் தோட்டத்தில் எடுப்பதில்லை, கடையில்தான் வாங்குகிறார். ஆனால் அவருக்குக் கடை இருக்கிறது, வாங்கப் பணம் இருக்கிறது. தக்காளி வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல விளையாது. ஆக அடுத்த ஆண்டும் அந்தக் குடும்பம் உங்கள் தங்கையின் சபையிலிருந்து வரும் உறைக்குக் காத்திருக்க வேண்டும். முதல் விளைச்சலிலிருந்து இரண்டாம் விதைப்புக்கு விதை எடுக்க முடிகிறதா என்பதே இந்த ஊழியத்தைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி.

ஹெய்ட்டிக்காரர்களுக்கு விதை தெரியாது என்று யாராவது நினைத்தால் அது பெரிய அநியாயம். வீட்டைச் சுற்றி அவர்கள் வைக்கும் தோட்டத்துக்கு ‘ஜாடன் லாக்கு’ என்று பெயர். வாழை, மரவள்ளி, சேம்பு வகைகள், துவரை, சர்க்கரைவள்ளி, கொடியில் பூசணி என்று அடுக்கடுக்காக வளர்க்கும் தோட்டம் அது. அடிமைகளாக இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களை வென்று 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். அந்த நாளின் நினைவாக ஒவ்வொரு புத்தாண்டிலும் வீட்டுக்கு வீடு பூசணி சூப் வைப்பார்கள். அந்தப் பூசணிக்கு விதை எடுத்து வைக்க எந்த மிஷனரியும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

2010 ஜனவரியில் வந்த பூகம்பத்துக்குப் பிறகு நடந்ததை உங்கள் சங்கத்தில் அவசியம் சொல்லுங்கள். தலைநகரிலிருந்து லட்சக்கணக்கானோர் சொந்தக் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். வந்தவர்களுக்குச் சோறு போட்ட கிராமத்துக் குடும்பங்களின் கையிருப்பு கரைந்தது. விதைப்புப் பருவம் நெருங்கியது. உடனே வெளிநாடுகளிலிருந்து விதைகள் வரத் தொடங்கின. அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோ 475 டன் மக்காச்சோள, காய்கறி விதைகளை நன்கொடையாக அறிவித்தது. அவை மரபணு மாற்றப்பட்டவை அல்ல, வீரிய ஒட்டு ரகங்கள். ஜூன் 4 அன்று ஹின்ஷ் நகரில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஊர்வலம் போய் அந்த விதையில் கொஞ்சத்தை எரித்தார்கள். பட்டினி கிடக்கிறவர்கள் இலவச விதையை எரித்தார்கள் என்று கேட்டால் நமக்குத் திகைப்பாக இருக்கும். அவர்களைத் திரட்டிய பாபாய் விவசாயிகள் இயக்கத்தின் தலைவர் ஷவான் ழான் பாப்டிஸ்ட், கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் பணியிலிருந்து வந்தவர். தங்கள் சொந்த விதை கைவிட்டுப் போய்விடும் என்பதே அந்த மக்களின் அச்சம்.

அதே ஆண்டு லூயிஸ் ஸ்பெர்லிங் என்ற ஆய்வாளரின் தலைமையில் ஒரு குழு ஹெய்ட்டியின் கிராமங்களிலும் சந்தைகளிலும் விசாரித்தது. உள்ளூர்ச் சந்தைகளில் விதை இருந்தது, விவசாயிகளிடம் வாங்கப் பணம்தான் இல்லை என்பது அவர்கள் கண்டது. கப்பலில் வந்த விதை, இல்லாத ஒரு தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்தது. கூடவே சந்தையில் விதை விற்றுப் பிழைக்கும் பெண்களின் வியாபாரத்திலும் கைவைத்தது.

இதைக் கிறிஸ்தவ அமைப்புகளே முன்பே கண்டுகொண்டிருந்தன என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருவது. அமெரிக்கக் கத்தோலிக்கரின் உதவி அமைப்பான கேத்தலிக் ரிலீஃப் சர்வீசஸ் 2000களின் தொடக்கத்திலேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் விதைச் சந்தைகளை நடத்தத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட மதிப்புள்ள சீட்டுகளைக் கொடுத்துவிடுவார்கள். சந்தை நாளன்று சுற்றுவட்டாரத்தில் நல்ல விதை வைத்திருப்பவர்கள் சோளம், பயறு, நிலக்கடலை என்று மூட்டைகளோடு வந்து உட்காருவார்கள். சீட்டு வைத்திருப்பவர் கையில் அள்ளிப் பார்த்து, எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை நாள் பயிர் என்று விசாரித்து, பேரம் பேசி வாங்குவார். மாலையில் வியாபாரி சீட்டுகளைக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்வார். எந்தக் கிராமத்தில் எந்த விதை நிற்கும் என்று அமெரிக்காவில் உட்கார்ந்து யாரும் முடிவு செய்வதில்லை, கொடுத்த பணமும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றுகிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

அப்படியானால் தூரத்திலிருந்து ஒரு விதைகூடப் போகக் கூடாதா? போகலாம், சோதித்துப் பார்க்கும் அளவுக்கு. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் நார்த் ஃபோர்ட் மயர்ஸில் எக்கோ என்ற கிறிஸ்தவ அமைப்பு இருக்கிறது. ஹெய்ட்டியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவரின் முயற்சியில் பிறந்தது. 1981இல் மார்ட்டின் பிரைஸ் பொறுப்பேற்றபின் அதன் விதை வங்கி வளர்ந்தது. களத்தில் இருப்பவர்களுக்குச் சிறு சிறு பொட்டலங்களை அனுப்புவார்கள். அவர்கள் அதை ஒரு மூலையில் போட்டுப் பார்த்து, எப்படி வந்தது என்று எழுத வேண்டும். பிடித்துக்கொண்டால் அங்கேயே விதை எடுத்துப் பெருக்கிக்கொள்ள வேண்டும். மொச்சை, துவரை, தட்டைப்பயறு, வாளவரை, சிறகவரை, தண்டுக்கீரை, புளிச்சக்கீரை என்று அவர்களிடம் இருக்கும் பயிர்களில் பாதி உங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்பவைதான். பெரும்பாலானவை வெயிலையும் வறட்சியையும் தாங்குபவை, எல்லாமே விதை எடுத்து வைக்கக் கூடியவை.

முருங்கையும் அதில் உண்டு. ஹெய்ட்டியில் ஏற்கெனவே இருந்த மரம் அது, ‘பென்ஸோலிவ்’ என்பார்கள். பெரும்பாலும் வேலிக்காகத்தான் வளர்த்தார்கள். அதன் கீரையைச் சமைத்துச் சாப்பிடலாம் என்ற செய்தியைப் பரப்பியதில் எக்கோவுக்குப் பங்குண்டு. செனகலில் சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் அமைப்பின் லோவல் ஃபுக்லி 1990களின் கடைசியில் கர்ப்பிணிகளுக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் முருங்கை இலைப்பொடி கொடுக்கும் பணியை முன்னெடுத்தார். நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பிகேஎம்-1 ரகம் இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் நிற்கிறது. ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். இலையை உலர்த்திப் பொடியாக்கும்போது வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடும். முருங்கைக்கு இந்த மிகைப்படுத்தல் இல்லாமலே போதிய சிறப்பு இருக்கிறது.

வெப்ப நாட்டில் விதைக்குப் பெரிய எதிரி ஈரம். விதைக்குள் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை வைத்திருப்பவர்களின் பழைய கணக்கு. தாய்லாந்தின் சியாங் மாயில் உள்ள எக்கோ கிளையில், மின்சாரமோ குளிர்பதனப் பெட்டியோ இல்லாத மலைக் கிராமங்களுக்காக சைக்கிள் பம்பையே மாற்றியமைத்தார்கள். காற்றை உள்ளே அடிப்பதற்குப் பதிலாக வெளியே இழுக்கும்படி அதன் வால்வைத் திருப்பிப் பொருத்தி, விதை போட்ட கண்ணாடிக் குடுவையிலிருந்து காற்றை உறிஞ்சி மூடிவிடுகிறார்கள். நன்கு காய்ந்த விதையை இப்படி மூடி வைத்தால் அடுத்த பருவத்துக்கு முளைப்புத்திறன் குறையாமல் இருக்கிறது. ஆயிரம் பொட்டலங்களைவிட இந்தப் பம்பு ஒரு கிராமத்துக்கு அதிகம் செய்யும் என்று நம்புகிறேன்.

கூட இருப்பவர் வேண்டும், அதைச் சொல்லாமல் விட முடியாது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், பான்சாலன் ஊரருகே, ஹரால்ட் வாட்சன் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து 1971 முதல் ஒரு பண்ணையை நடத்தினார். சரிவு நிலத்தில் மண் கரைந்து ஓடாமலிருக்க, சமமட்டக் கோட்டில் சவுண்டல் மரத்தை நெருக்கமாக வேலிபோல நட்டு, இடையில் பயிர் செய்யும் முறையை உருவாக்கினார்கள். 1985இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1980களில் ஒரு பூச்சி வந்து சவுண்டலைத் தாக்கியது. விதையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போயிருந்தால் அந்த முறை அப்போதே செத்திருக்கும். அங்கேயே இருந்ததால் வேறு இனங்களைச் சோதித்து மாற்றிக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் மகனின் கேள்வி. அவன் கேட்பதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஹெய்ட்டி மக்களில் மிகப் பெரும்பாலானோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். ஆப்பிரிக்காவில் வேர்கொண்ட வோடூ வழிபாடும் அதோடு கலந்தே இருக்கிறது. அங்கே போகும் குழுக்களில் சிலர் கத்தோலிக்கரையும் வோடூ வழிபடுவோரையும் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்ப்பதுண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1994இல் பேரிடர் உதவிக்கென எழுதப்பட்ட நடத்தை விதிகளில், உதவியை எந்த அரசியல் அல்லது மத நிலைப்பாட்டை வளர்க்கவும் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் செஞ்சிலுவை இயக்கத்தோடு உலகத் திருச்சபைகள் மன்றமும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், கத்தோலிக்கரின் காரித்தாஸும் இருந்தன. வசன அட்டை இல்லாமல் விதை கொடுக்கச் சொல்வது மகனின் நாத்திகம் என்று சபையில் யாராவது சொன்னால், இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பசியோடு வரிசையில் நிற்பவரிடம் அட்டையை நீட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நைஜரில் டோனி ரினாடோ செய்ததை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து மிஷனரியாக 1980களின் தொடக்கத்தில் மராடிக்குப் போனவர். மரக்கன்றுகளை வளர்த்து நட்டார், பெரும்பாலானவை செத்துப்போயின. வயல்களில் புதர் என்று எல்லோரும் வெட்டி எரித்துக்கொண்டிருந்தவை, வேர் சாகாத பழைய மரங்களின் துளிர்கள் என்பதை 1983இல் கண்டார். நல்ல கிளையை விட்டு மற்றதைக் கழிக்கும்படி விவசாயிகளைக் கேட்டுக்கொண்டார். கிட்டத்தட்ட முழுக்க முஸ்லிம்கள் வாழும் அந்த நாட்டில் விவசாயிக்கு விவசாயி சொல்லியே அது 50 லட்சம் ஹெக்டேர் வரை பரவியது. அவர் தன் விசுவாசத்தை ஒளித்ததில்லை. அந்த விவசாயிகள் மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதற்காக யாரும் அவர்களை ஒதுக்கவில்லை.

உங்கள் தங்கையின் சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விதையை வாங்கும் குடும்பங்கள் எந்தப் பகுதியில், எத்தனை உயரத்தில் இருக்கின்றன, சென்ற ஆண்டு கொடுத்ததில் எது விளைந்தது, எதிலிருந்து அவர்கள் விதை எடுத்தார்கள் என்று கேளுங்கள். விதை சுங்கத்தில் முறையான தாவர நலச் சான்றோடு போகிறதா, பெட்டிக்குள் ஒளித்துப் போகிறதா என்பதையும் கேளுங்கள். ஒரு நோய் புகுந்தால் ஒரு மாவட்டமே பாழாகும். பதில் திருப்தியாக இருந்தால், உங்கள் பணத்தில் மார்ச் மழைக்கு முன் உள்ளூர்ச் சந்தையிலேயே அவரை விதையும் துவரையும் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அரிசி கேட்ட அந்த மூத்த அம்மாவிடமும் பேசுங்கள். 1995இல் ஹெய்ட்டி அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தபின் அமெரிக்க அரிசி வந்து குவிந்து அவர்களுடைய நெல் விவசாயத்தை நொறுக்கியது. அந்தக் கொள்கை தவறு என்று அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டனே பின்னர் 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். ஆகவே அமெரிக்க அரிசி மூட்டைகளை அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. 2024 கணக்கின்படி அங்கே 54 லட்சம் பேர், ஏறக்குறைய பாதி மக்கள், கடும் உணவுப் பற்றாக்குறையில் இருந்தார்கள். அந்த நிலையில் கொடுத்த விதை அன்றிரவே அடுப்புக்குப் போகும். நிவாரணப் பணியில் பழகியவர்கள் இதனால்தான் விதைக்கும் காலத்தில் விதையோடு சில வாரத்துக்கான உணவும் கொடுக்கிறார்கள். காணிக்கையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி விதைக்கு, மறு பாதி அந்த வாரங்களில் அங்கேயே விளைந்த சோளமும் பயறும் வாங்க என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டாம் பாதியின் கணக்கை அவர் பொறுப்பிலேயே விடுங்கள்.

அன்புடன்