சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம்: பழைய நடுத்தரக் கப்பலா, புதிய பெரிய கப்பலா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, முட்டிவலி உண்டு. மனைவி, 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று நாள் கப்பல் பயணம் போகலாம் என்றிருக்கிறோம். பழைய நடுத்தரக் கப்பலில் கட்டணம் குறைவு. ஆனால் விசாரித்தவர்கள் எல்லாரும் புதிய பெரிய கப்பலில் போங்கள் என்கிறார்கள். எது சரி?

பதில்:

செம்பவாங் யார்டில், அதாவது கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில், இருபத்திரண்டு வருஷம் ஏர்கோன் வேலை பார்த்தவன் நான். உல்லாசக் கப்பல்கள் ட்ரை டாக்குக்கு (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டி) வரும்போது மேற்கூரைப் பலகையைக் கழற்றி உள்ளே ஓடும் குழாய்களைப் பார்ப்பதுதான் என் வேலை. பயணியாகவும் என் அம்மாவை இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறேன். 2009இல் சூப்பர்ஸ்டார் விர்கோவில் ஒரு முறை, 2023இல் கென்டிங் டிரீமில் ஒரு முறை. ஒன்று நடுத்தரம், இன்னொன்று பெரியது. அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஆடி ஓட வேண்டும் என்பதற்காகப் போனால் பெரிய கப்பல். அம்மா கடலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் போனால் நடுத்தரக் கப்பல். உங்கள் கேள்வி அம்மாவில்தான் ஆரம்பிக்கிறது, அதனால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

முதலில் அளவு. கப்பலுக்கு 75,000 டன், 150,000 டன் என்று போடுகிறார்களே, அது எடை இல்லை. கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடும் எண். விர்கோ 1999இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் கட்டியது, 75,338 டன், 268 மீட்டர் நீளம். கென்டிங் டிரீமும் அதே பட்டறையில்தான் பிறந்தது, 2016இல். 150,695 டன், 335 மீட்டர். கொள்ளளவு இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. ஆனால் தண்ணீருக்குக் கீழே இருக்கும் ஆழம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 8 மீட்டர்தான். கூடிய இடமெல்லாம் எங்கே போனது? மேலேயும் நீளத்திலேயும் அகலத்திலேயும். முட்டிவலி உள்ளவருக்கு அந்த ‘நீளம்’தான் விஷயம்.

பெரிய கப்பலில் நெரிசல் அதிகம் என்பார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது. மொத்தக் கொள்ளளவை ஆளுக்குப் பிரித்தால் விர்கோவில் தலைக்கு 40 டன் வந்தது (அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் சுமார் 1,870 பயணிகள்), கென்டிங் டிரீமில் 45 வருகிறது (3,352 பயணிகள்). அதாவது பெரிய கப்பலில்தான் ஆளுக்கு இடம் கொஞ்சம் கூட. ஆனால் பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது கட்டில்களும் நிறைந்துவிடும். லிஃப்ட் வாசலிலும், காலைச் சாப்பாட்டு நேரத்திலும், இறங்குகிற வரிசையிலும் அது உடனே தெரியும். நீங்கள் போவது டிசம்பரில். இதை மனதில் வையுங்கள்.

இப்போது என் அம்மாவின் கதை. இதைச் சொல்லாமல் நான் ஏன் நடுத்தரக் கப்பல் என்கிறேன் என்பது விளங்காது.

அம்மா 1961இல் தன் பதினைந்தாவது வயதில் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வந்தவர். 1926இல் கட்டிய கப்பல் அது, 1973 வரை ஓடியது. நம் ஊர் மூத்தவர்களில் பல பேர் அதில் வந்தவர்கள்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். கேபின் எல்லாம் கிடையாது, டெக்கில் பாய் விரித்து அம்மாச்சியோடு படுத்து வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா இங்கே காத்திருந்தார். அதற்குப் பிறகு நாற்பத்தெட்டு வருஷம் அம்மா கப்பலில் ஏறவே இல்லை. ஊருக்குப் போக வர எல்லாம் விமானம்தான்.

2009 ஜூனில் ஹார்பர்ஃபிரண்டில் விர்கோவில் ஏறினோம். மறுநாள் விடியற்காலையில் கண் விழித்துப் பார்த்தால் அம்மா படுக்கையில் இல்லை. பதறிக்கொண்டு தேடினேன். உயிர்காப்புப் படகுகள் தொங்கும் நடைத்தளத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்து, படியேறி, கனமான கதவைத் தள்ளிக்கொண்டு அவரே போயிருக்கிறார். கைப்பிடிக் கட்டை பனியும் உப்புமாகப் பிசுபிசுத்தது. அதை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “அதே உப்புதான் தம்பி” என்றார். கீழே நுரை ஓடுவது கேட்டது. கேட்கிற தூரத்தில் கடல் இருந்தது. அந்த மூன்று நாளும் காலை ஐந்தரைக்கு அம்மா அங்கேதான்.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையில் இறங்கி நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய் வந்தோம். துறைமுக வாசலிலிருந்து மணிக்கூண்டைத் தாண்டினால் கொஞ்ச தூரம்தான். வாடகை வண்டி தேவைப்படவில்லை. அம்மா மல்லிகைச் சரம் வாங்கி வந்து கேபின் கண்ணாடியில் மாட்டிவைத்தார்.

2023இல் கென்டிங் டிரீமில் போனபோது அம்மாவுக்கு 77. மரினா பேயிலிருந்து ஏறினோம். குறை சொல்ல எதுவும் இல்லாத கப்பல். சைவச் சாப்பாடு நன்றாக இருந்தது. பேரப்பிள்ளைகள் தண்ணீர்ச் சறுக்கிலிருந்து இறங்கவே மாட்டேன் என்றார்கள். ஆனால் எங்கள் அறை பின்பக்கம், இரவுச் சாப்பாடும் காட்சி அரங்கமும் வேறு வேறு கோடியில். ஒரே மாதிரிக் கதவுகள் வரிசையாக இருக்கும் நீண்ட நடைவழியில் அம்மா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஒரு முறை வழி தவறி எதிர்ப்பக்கம் போய்விட்டார். அப்புறம் தனியாக வெளியே வரப் பயந்தார். விர்கோவில் தானாகவே எழுந்து போனவர், இங்கே நாங்கள் எழும் வரை அறையிலேயே காத்திருந்தார்.

நல்லவேளை, பால்கனி அறை எடுத்திருந்தோம். காலையில் கோப்பியோடு அங்கே உட்கார்ந்திருப்பார். “கடல் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம புளோக்குல பதினாறாவது மாடியில நின்னு கீழ கார்ப்பார்க்கைப் பார்க்குற மாதிரி இருக்கு” என்றார். எங்கள் வீடு ஈசூனில் நாலாவது மாடி. நாலாவது மாடியிலிருந்து பார்த்தால் கீழே போகிறவர் முகம் தெரியும், பதினாறிலிருந்து தலைதான் தெரியும். இரண்டு கப்பலுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்காகப் பழைய கப்பல் எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. என் தொழில் சம்பந்தப்பட்டது இது, கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கப்பலில் ஏர்கோனுக்குக் குளிர்ந்த தண்ணீர் குழாய் வழியாக எல்லாத் தளத்துக்கும் ஓடும். குழாயைச் சுற்றி உறை போட்டிருப்பார்கள். இருபது வருஷத்தில் அந்த உறை ஏதோ ஒரு மூலையில் விரியும். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். விரிந்த இடத்தில் ஈரக் காற்று பட்டதும் குழாய் வியர்க்கும். வியர்த்தால் சொட்டும், சொட்டினால் மேற்கூரைக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெளியே புதுக் கம்பளமும் புதுத் திரைச்சீலையும் போட்டு அழகு பண்ணியிருப்பார்கள். பலகையைக் கழற்றினால்தான் உண்மை தெரியும். நானே ஒரு பழைய கப்பலில் பயணியாகப் போனபோது முதல் இரவு தலைமாட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்து, மறுநாள் அறை மாற்றிக் கொடுத்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் நனைந்த சாக்கு மாதிரி வாடை வந்தால், பெட்டியைத் திறக்காமல் உடனே வரவேற்பு மேசைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். (பால்கனிக் கதவைத் திறந்தே வைக்காதீர்கள், எந்தக் கப்பலாக இருந்தாலும். உள்ளே வரும் ஈரக் காற்றுதான் பாதிச் சொட்டுக்குக் காரணம்.)

அதிர்வும் அப்படித்தான். விர்கோ போன்ற கப்பல்களில் நீண்ட தண்டின் முனையில் சுழலி (கப்பலைத் தள்ளும் விசிறி) இருக்கும், பின்பக்க அறைகளில் இரவு முழுக்க ஒரு நடுக்கம் தெரியும். கென்டிங் டிரீம் போன்றவற்றில் மோட்டாரே கப்பலுக்கு அடியில் தொங்கும் கூட்டுக்குள் இருக்கிறது, அந்தக் கூடே சுழன்று திரும்பும். அதிர்வு குறைவு, துறைமுகத்தில் கரையோடு அணைத்து நிறுத்துவதும் எளிது.

பாதுகாப்பில் புதிய கப்பலுக்குத்தான் என் ஓட்டு. 2010 ஜூலைக்குப் பிறகு கட்ட ஆரம்பித்த பெரிய பயணிக் கப்பல்களுக்கு ஒரு சர்வதேச விதி உண்டு: ஒரு பகுதியில் தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும், வரையறுத்த அளவுக்குள் சேதம் இருந்தால், கப்பல் தன் சொந்த இயந்திர பலத்திலேயே துறைமுகம் திரும்ப முடிய வேண்டும். இதற்காக இயந்திர அறை, மின்சாரம் எல்லாவற்றையும் பிரித்து இரட்டையாக வைக்கிறார்கள். தொண்ணூறுகளில் கட்டிய கப்பலில் அந்த அமைப்பை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் பயப்பட வேண்டாம். பயணிக் கப்பலை ஐந்து வருஷத்துக்குள் இரண்டு முறையாவது ட்ரை டாக்கில் ஏற்றி அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும். பழைய கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது அது கட்டிய வருஷத்தை விட, கடைசியாக ட்ரை டாக் ஏறிய வருஷம் முக்கியம்.

கப்பல்களுக்கு ஆயுள் நாம் நினைப்பதைவிட அதிகம். 2013 முதல் இங்கிருந்து ஓடிய சூப்பர்ஸ்டார் ஜெமினியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் கட்டிய கப்பல் அது. 1998இல் ஜெர்மனியில் அதை நடுவே வெட்டி, 40 மீட்டர் நீளமான துண்டைச் செருகி ஒட்டினார்கள். யார்டில் இதைச் சொன்னால் புதுப் பையன்கள் நம்ப மாட்டார்கள். விர்கோ 2019இல் எக்ஸ்புளோரர் டிரீம் ஆகி, 2023இல் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் ஒன் ஆனது.

சிங்கப்பூருக்குப் பெரிய கப்பல்கள் தாமதமாக வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து செந்தோசாவுக்குப் போகும் கேபிள் கார் கம்பி குறுக்கே ஓடுகிறது. 1983 ஜனவரியில் எனிவெட்டாக் என்ற எண்ணெய் துளையிடும் கப்பலின் கோபுரம் அந்தக் கம்பியில் மாட்டி ஏழு பேர் இறந்ததை எங்கள் தலைமுறை மறக்காது. உயரமான கப்பல் அங்கே நுழைய முடியாது. 2012இல் மரினா பே கப்பல் முனையம் திறந்த பிறகுதான் பெரியவை தாராளமாக வர ஆரம்பித்தன. இப்போது 208,000 டன் டிஸ்னி அட்வென்சருக்கே சிங்கப்பூர்தான் தாய்த்துறைமுகம். அதன் மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் எந்த ஊரிலும் இறங்குவது கிடையாது, கப்பலேதான் ஊர். உங்கள் 9 வயதுப் பிள்ளைக்கு அது சொர்க்கம். கோயில், கடைத்தெரு என்று நடக்க நினைக்கும் உங்கள் அம்மாவுக்கு இறங்க ஊர் வேண்டும்.

நடுத்தரத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டால், ஸ்டார் வாயேஜர் 2025இல் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது. 1997இல் இத்தாலியில் டான் பிரின்செஸ் என்ற பெயரில் கட்டியது, 77,441 டன், விர்கோவின் அளவுதான். தாய்த்துறைமுகங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், உங்கள் தேதிக்கு எங்கிருந்து புறப்படுகிறது என்று முதலில் பாருங்கள்.

டிசம்பர் என்பதால் ஒன்று. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் அது. மலேசியாவின் கிழக்குக் கரைப் பக்கமோ வியட்நாம் பக்கமோ போகும் பயணம் என்றால் அலை கூடுதலாக இருக்கும், அங்கே நீளமான பெரிய கப்பல் ஆட்டத்தை நன்றாகத் தாங்கும். பினாங்கு, போர்ட் கிளாங் என்று மலாக்கா நீரிணைக்குள்ளேயே போவதானால் நடுத்தரக் கப்பலிலும் பெரிய ஆட்டம் இருக்காது. அம்மாவோடு போகும்போது நீரிணைப் பக்கமே போங்கள்.

வீட்டில் எல்லாரும் சேர்ந்து பெரிய கப்பல்தான் என்று முடிவெடுத்தால், மூன்று காரியம் செய்யுங்கள். அறையை நீளத்தில் நடுவாக, லிஃப்டுக்குப் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். விலை மலிவு என்று பின்கோடி அறை எடுத்த தப்பை நான் செய்தேன், அம்மாதான் அனுபவித்தார். பால்கனி கிடைக்கும் தளங்களில் கீழ்த்தளத்தையே தேர்ந்தெடுங்கள், மேல்தளத்துக்குக் கூடுதலாக வெள்ளி கொடுக்க வேண்டாம். நடைத்தளம் எந்தத் தளத்தில் இருக்கிறது, அறையிலிருந்து அங்கே எப்படிப் போவது என்று ஏறிய அன்றே அம்மாவைக் கையைப் பிடித்து இரண்டு தடவை நடத்திக் காட்டுங்கள். கதவு அவரால் தள்ள முடிகிறதா என்றும் பாருங்கள், காற்று அடிக்கும்போது அந்தக் கதவுகள் நன்றாகக் கனக்கும்.

டிப்ஸ் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பெரும்பாலும் தனியாக வரும், குழந்தைகளுக்கும் சேர்த்து. பதிவு செய்யுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள், காட்சி அரங்கத்தில் ஏர்கோன் கடுமையாக இருக்கும்.

பயணத் தேதியும் கப்பல் பெயரும் முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். அந்தக் கப்பலின் தள வரைபடத்தைப் பார்த்து, உங்கள் அம்மாவுக்கு எந்தப் பகுதி அறை வசதி என்று சொல்கிறேன்.