சாயம் ஏற்றி, மேமோகிராம் பார்த்து எடுக்கும் மார்பக பயாப்ஸி என்றால் என்ன?

அயோடின் கலந்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றி, மார்பகத்தில் சந்தேகமான இடத்தை மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், தெரியவைத்து, அந்தப் படத்தைப் பார்த்தே ஊசியால் கொஞ்சம் சதை எடுப்பதுதான் இது.

மருந்து எதற்கு? புற்றுக்கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். அவை ஒழுகும் குழாய்கள், அதனால் அயோடின் அங்கே கசிந்து தேங்கும். குறைந்த ஆற்றலில் ஒன்று, கூடிய ஆற்றலில் ஒன்று என இரண்டு எக்ஸ்ரே எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், சாதாரண சதை மங்கி அந்த இடம் வெள்ளையாகத் துலங்கும்.

சைக்கிள் டியூபில் பஞ்சர் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் முக்கினால் குமிழி வரும், கடைக்காரர் சட்டென்று குறி போட்டுவிடுவார். இங்கேயும் அதே அவசரம்தான். மருந்து ஏறி சுமார் 2 நிமிடத்தில் படம் எடுப்பார்கள். சில நிமிடங்களில் வெண்மை மங்கத் தொடங்கும், அதற்குள் இடத்தைக் குறித்தாக வேண்டும். அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, சதை எடுத்து, அங்கே எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்றை விட்டுவைப்பார்கள்.

சாதாரண மேமோகிராமிலோ அல்ட்ராசவுண்டிலோ கட்டி தெரிந்தால் இது தேவைப்படாது. சிறுநீரகக் கோளாறோ, முன்பு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதோ இருந்தால் தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய்தான் என்று பலர் கலங்கிப்போகிறார்கள், ஆனால் ஆபத்தில்லாத ஃபைப்ரோஅடினோமா கட்டியும் அப்படித் தெரியலாம், அதைப் பிரித்தறியத்தான் பயாப்ஸி.