சவம் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளலாமா?

கேள்வி: அன்புள்ள ஆச்சிக்கு, பாளையங்கோட்டையில் ஒரு வளவில் குடியிருக்கிறேன். போன ஆடி மாதம் இறந்துபோனேன். எங்கள் வழக்கப்படி புதைத்தார்கள். எட்டாம் நாள் எழுந்து வந்துவிட்டேன். பழையபடி ஜவுளிக் கடை வேலைக்குப் போகிறேன். இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஆனாலும் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடித் தம்ளர், எனக்கு மட்டும் காகிதக் கப். எதிர்வீட்டு மைனி, நான் தெருவில் வரும்போதெல்லாம், "சவம் எப்படி நடந்து வருகிறது பார்" என்கிறார். அதே மைனிதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் தூக்குச்சட்டியில் சொதி கொடுத்தனுப்புவார். ஒரு வாய் வைத்தால் உடம்பெல்லாம் நடுங்குகிறது, கால் தானாகச் சுடுகாட்டுப் பக்கம் திரும்புகிறது. அதனால் நாய்க்கு ஊற்றினேன். அதை அவர் பார்த்துவிட்டார். ஒரு மாதமாகப் பேச்சில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத ஜாம்பி, பாளையங்கோட்டை.

பதில்: தம்பிக்கு, உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உறையைப் பிரித்த எங்கள் அலுவலகப் பையன் அன்று மத்தியானம் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனவன், நாலு நாள் கழித்துத்தான் வந்தான். தாமதத்துக்கு அதுதான் காரணம். என்ன விஷயம் என்று கடைசியில் சொல்கிறேன்.

சென்னைக்குப் போக வேண்டாம். அங்கே உங்களைக் கண்டு யாரும் ஒதுங்க மாட்டார்கள் என்பது வாஸ்தவம். நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் எழும்பூரில் போய் நின்றதும் இறங்குகிற கூட்டத்தைப் பாருங்கள், பாதிப் பேர் உங்களைப் போலத்தான் நடப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டில் ஆள் செத்து நாலு நாளாகியும் தெரியாமல் இருக்கிற ஊர் அது. உங்கள் வளவில் கொட்டுச் சத்தம் கேட்பதற்கு முன்பே மூன்று தெருவுக்குச் சேதி போயிருக்கும். துட்டி கேட்க வந்தவர்களில் யார் யார் டீ குடிக்காமல் போனார்கள் என்பதுவரை மைனிக்குத் தெரியும். இந்த ஊரை விட்டுவிட்டு அந்த ஊருக்கு எதற்கு?

இந்தச் சவம் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் பிறந்த நாள் முதல் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்தான். உயிரோடு இருந்தவரை உறைக்கவில்லை, இப்போது உறைக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் நாங்கள் அதை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் ஒரு கை போடுகிறோம். அறுந்துபோன செருப்பு சவம். சொன்ன நேரத்துக்கு வராத பஸ் சவம். தார்சாவில் வெயில் காயப் போட்ட வடகத்தைக் கொத்திய காக்காயும் சவம், அதை விரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த மருமகளும் சவம். "சவத்தை விடு" என்றால் மறந்துவிடு என்று அர்த்தம். என் பேரன் பள்ளியில் முதலாவதாக வந்த அன்று என் வீட்டுக்காரர் அவனைக் கட்டிப்பிடித்து, "சவத்து மூதி, சாதித்துவிட்டானே" என்று அழுதார். பையனும் சேர்ந்து அழுதான். வெளியூர் ஆள் யாராவது பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்.

ஆகையால் மைனி சவம் என்றால் உங்களை வீட்டு ஆளாக வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்றைக்கு "வாருங்கள் சார், சௌக்கியமா" என்று கேட்கிறாரோ, அன்று பெட்டியைக் கட்டலாம். மற்றவர்களுக்கு அது உவமை, உங்களுக்கு விவரம். வித்தியாசம் அவ்வளவுதான்.

காகிதக் கப் அப்படியில்லை. அதில் நான் உங்கள் கட்சி. தம்ளர் விஷயத்தில் இந்தச் சீமைக்குப் பழைய பாவம் ஒன்று இருக்கிறது. ஆளைப் பார்த்து, தெருவைப் பார்த்து, தனித் தம்ளரைக் கூரையில் செருகி வைத்த கடைகளை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். உங்களைப் போல எழுந்து வந்த இன்னொருவருக்கு வீடு பார்த்துக் கொடுக்கப்போன தரகர் ஒருவர் என்னிடம் சொன்னார். வீட்டுக்காரர் முதலில் எந்த ஊர் என்று கேட்டாராம். பிறகு அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டாராம். மூன்றாவதாக, சைவம்தானே என்று கேட்டாராம். இதற்குள் வந்தவருடைய இடது காது கழன்று திண்ணையில் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை, நாலாவது கேள்விக்குப் போய்விட்டார். சுடுகாட்டையே ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். செத்தவன் திரும்பி வந்தால் எந்தச் சுடுகாட்டிலிருந்து வருகிறாய் என்றுதான் விசாரிப்பார்கள். டீக்கடையில் நீங்கள் கண்ணாடித் தம்ளர் கேட்டு நில்லுங்கள். கொடுக்கும்வரை நில்லுங்கள். நிற்பதில் உங்களை யார் ஜெயிக்க முடியும்?

கடிப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு உங்கள் குலவரலாறு தெரியவில்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்டி, கரீபியன் கடலில் ஹைத்தி என்று ஒரு நாடு. பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துக்கொண்டுபோய் அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்தார்கள். செத்தால் ஆவி சொந்த மண்ணான கினியாவுக்குத் திரும்பிவிடும் என்பதுதான் அந்த மக்களுக்கு இருந்த ஒரே ஆறுதல். அதையும் கெடுக்கிற பயமாக வந்தவன்தான் ஜாம்பி. மந்திரவாதி ஒருவன் பிணத்தை எழுப்பி, செத்த பிறகும் தோட்ட வேலைக்கு அனுப்பிவிடுவான் என்ற பயம். 1804-இல் அந்த அடிமைகளே சண்டைபோட்டு ஜெயித்து நாட்டை விடுதலை செய்துவிட்டார்கள். கதை மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கதையில் ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்கிறான், அவ்வளவுதான். ஊர் பயந்தது அவன் வந்து கடிப்பான் என்றல்ல, தானும் அப்படி ஆகிவிடுவோம் என்றுதான். மனிதக் கறி தின்னுகிற பழக்கம் 1968-இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தோடு ஒட்டிக்கொண்டது. மூளைதான் வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கும் பின்னால், 1985-இல், வேறொரு படத்தில் வந்தது. சினிமா பார்த்துக் கெட்டுப்போன பெயர், தம்பி. தேயிலை பறிக்கக் கண்டிச் சீமைக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் ஹைத்திக் கதையைச் சொல்லிப் பாருங்கள், பேய்க்கதை என்று நினைக்க மாட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு உங்கள் ஜவுளிக் கடை ஞாபகம்தான் வந்தது. புதைத்த ஆள் எட்டாம் நாள் வேலைக்கு வந்து நிற்கிறார், மேலாளர் கேட்ட ஒரே கேள்வி ஏன் ஒரு வாரம் லீவு என்பதாகத்தான் இருந்திருக்கும். காலையிலிருந்து கடை சாத்தும்வரை நிற்கிறீர்களா? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். முட்டி கழன்று விழுகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று எங்கும் எழுதவில்லை. ஒரு ஸ்டூல் கேளுங்கள்.

உங்களைப் போலத் திரும்பி வந்தவர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள் என்ற நினைப்பையும் விடுங்கள். திருச்செந்தூர் பாதையில் ஆதிச்சநல்லூர் பரம்பைப் பார்த்திருப்பீர்கள். 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டி, தாழி தாழியாக எடுத்த இடம். உள்ளே எலும்பு, இரும்பு, வெண்கலம், நெற்றியில் கட்டுகிற பொன் பட்டம். புத்தகம் அப்படிச் சொல்லும். என்னைப் பெற்றவளின் அம்மா சொன்ன கதை வேறு. அந்தக் காலத்தில் மனிதருக்குச் சாவே வராதாம். வயதாக ஆக உடம்பு குறுகிக்கொண்டே போகுமாம். பூனைக்குட்டி அளவுக்கு ஆனதும் தூக்கி விளக்கு மாடத்தில் உட்கார வைத்துவிடுவார்களாம். கிழங்கள் அங்கிருந்தே அடுக்களையில் நடப்பதையெல்லாம் நொட்டை சொல்லிக்கொண்டிருக்குமாம். பொறுக்க முடியாமல் போனபோது, சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்துத் தாழியில் இறக்கினார்களாம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது சோறு வைத்தார்கள் என்ற இடம்தான். சாகாதவர்களை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திய பழக்கம் நமக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுடலை மாடன் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டிருப்பீர்கள். விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, பால் பற்றாமல், தொட்டிலை விட்டு இறங்கிச் சுடுகாட்டுக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்றுவிட்டு வந்து ஒன்றும் தெரியாததுபோல் படுத்துக்கொண்டது. கைலாசத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று கீழே அனுப்பிவிட்டார்கள். மேலுலகம் வேண்டாம் என்று தள்ளியவரை இங்கே ஊருக்கு ஊர் பீடம் கட்டி, கிடாயும் சுருட்டும் படைத்து, காவலுக்கு இருத்திக்கொண்டோம். நடுச்சாமத்தில் சாமியாடி வேட்டைக்குச் சுடுகாட்டுக்குப் போகும்போது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் செத்துப்போன ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் சமாதியில்கூடச் சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டார்கள் என்று பாதிரிமார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்களை என்ன செய்வது என்று தெரியாத ஊரில்லை இது. ஆனால் இதைப் படித்துவிட்டு உங்களுக்கு ஏதும் நினைப்பு வந்துவிட வேண்டாம். மாடனுக்குக் கோபம் வந்தால் ஊர் தாங்காது. உங்களுக்குக் கோபம் வந்தால் ஒரு பத்தியில் கடிதம் எழுதுகிறீர்கள்.

காகிதம் என்றதும் இன்னொன்று. சாவைப் பதிவு செய்ய 21 நாள் கெடு. உங்கள் மைத்துனர் சுறுசுறுப்பானவர் என்றால் சான்றிதழ் வாங்கி ரேஷன் கார்டில் பெயரையும் எடுத்திருப்பார். உத்தரப் பிரதேசத்தில் அசம்கர் பக்கம் லால் பிகாரி என்று ஒருவர். நிலத்துக்காக உறவினர்களே சேர்ந்து அவரைப் பதிவேட்டில் சாகடித்துவிட்டார்கள். 1975-லிருந்து 1994 வரை செத்தவராகவே நடமாடினார். பெயருக்குப் பின்னால் 'மிருதக்' என்று, அதாவது இறந்தவர் என்று, சேர்த்துக்கொண்டார். தன்னைப் போன்றவர்களுக்குச் சங்கம் வைத்தார். அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில்கூட நின்றார். உயிரோடு இருக்கிறவருக்கே பத்தொன்பது வருஷம் பிடித்தது என்றால், உங்கள் வழக்கு எவ்வளவு நாள் ஓடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

இனி சொதி. நான் இந்தக் கடிதத்தைப் பதிலுக்கு எடுத்ததே இதற்காகத்தான்.

மைனி என்ன செய்கிறார் தெரியுமா? முழுத் தேங்காய் இரண்டைத் துருவி, மூன்று பால் பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைக் கரைத்துவிட்டு, கடைசியில் தலைப்பாலை ஊற்றி, பொங்கவிடாமல் நுரை கட்டும்போதே இறக்கி, சூடு ஆறிய பிறகு எலுமிச்சை பிழிகிறார். மறுவீட்டில் மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு அது. அதைத் தூக்குச்சட்டியில் ஊற்றிச் செத்துப்போன ஓர் ஆளுக்கு வாராவாரம் கொடுத்தனுப்பியிருக்கிறார். நீங்கள் அதை நாய்க்கு ஊற்றினீர்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டார், கழன்று விழுந்ததை எல்லாம் பொறுத்துக்கொண்டார். இதை எப்படிப் பொறுப்பார்?

உங்கள் பேரில் தப்பில்லை என்பது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியாது. ஹைத்திக் கதையிலேயே இருக்கிறது. ஜாம்பிக்கு உப்பு ஆகாது. ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால், தான் செத்தவன் என்ற நினைவு வந்து, எழுந்து நேரே குழிக்கு நடந்துவிடுவான். உங்கள் கால் சுடுகாட்டுப் பக்கம் திரும்பியதற்கு அதுதான் காரணம். தூத்துக்குடி உப்பளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு உங்களுக்கு வந்த வியாதியைப் பாருங்கள். உப்பைத் தின்றால் ஊரோடு ஒட்டலாம், ஆனால் இருக்க முடியாது. தின்னாவிட்டால் இருக்கலாம், ஒட்ட முடியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், தேங்காய் துருவுவதற்கு முன்னால் போங்கள். கையில் ஏதாவது கொண்டுபோங்கள், பனங்கிழங்குக் கட்டு போதும். அல்வா வேண்டாம், சமாதானத்துக்கு வந்தது மாதிரி இருக்கும். வாசலில் நின்று, "மைனி, எனக்கு உப்பு ஆகாது, உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி தனியாக எடுத்துவைக்க முடியுமா" என்று கேளுங்கள். திட்டுவார். அந்தத் திட்டில் சவம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் பேச்சு வந்துவிட்டது என்று அர்த்தம். ரத்தக்கொதிப்புக்காரர்கள் இல்லாத வளவு ஏது? அவர் வீட்டுக்காரருக்கும் ஏற்கெனவே உப்பில்லாமல்தான் எடுத்துவைக்கிறாரோ என்னவோ.

தலைப்பாலில் இனிப்பு இருக்கும், எலுமிச்சையில் புளிப்பு இருக்கும், உப்பில்லாமலும் சொதி இறங்கும். என்றைக்காவது ஒரு நாள், கடையில் நின்று நின்று, இனிப் போதும் என்று தோன்றினால், மைனியிடம் அன்று ஒரு சிட்டிகை போடச் சொல்லுங்கள். அவர் கையால் என்றால் எதற்கு என்று கேட்க மாட்டார். அவசரம் ஒன்றுமில்லை.

பின்குறிப்பு: உங்கள் உறைக்குள் கடிதத்தோடு ஒரு சுண்டுவிரலும் வந்திருக்கிறது. வலது கை. மறந்து வைத்தீர்களா, முத்திரை ஒட்டும்போது கழன்றதா தெரியவில்லை. டப்பாவில் போட்டு மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறோம். உப்புப் போடவில்லை. சுயமுகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறை அனுப்பினால் திருப்பி அனுப்பிவைப்போம். கொஞ்சம் பெரிய உறையாக அனுப்புங்கள்.