தலை சுற்றினால் மட்டும் போடும் மாத்திரை

வணக்கம் சார்,

உங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். மகள் எம்.டி. பொது மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறாள். அடுத்து கார்டியாலஜி படி, சேலத்திலேயே பெரிய பேர் எடுக்கலாம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு பிரஷரைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். கையில் பட்டையைக் கட்டி அளந்து மாத்திரை எழுதிக் கொடுக்க இத்தனை வருடப் படிப்பு எதற்கு? அதில் கண்டுபிடிக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? எனக்கும் பிரஷர் உண்டு. தலை சுற்றினால் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்கிறேன், ஒரு குறையும் இல்லை. உங்கள் எழுத்தை அவள் விரும்பிப் படிப்பாள். நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம் சொல்லத்தான் இருக்கிறது.

அந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். அம்மா மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து, தெருமுனை கிளினிக்கில் அளந்து பார்த்தார்கள். மேல் அழுத்தம் 130 இருந்தது. "சரியாகிவிட்டது, நிறுத்திக்கொள்ளலாம்" என்றார்கள். நாங்களும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். குறைந்தது மாத்திரையால்தான், விட்டால் திரும்ப ஏறும் என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு விடியற்காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் அம்மாவுக்கு ஒரு நாள் தலைவலிகூட வந்ததில்லை.

ரத்தக் கொதிப்பு வலிக்காது. பெரும்பாலானவர்களுக்குத் தலையும் சுற்றாது. வலிக்காத ஒன்றை வியாதி என்று நிரூபிக்க மருத்துவ உலகத்துக்கே வெகுகாலம் ஆனது. ரத்தக்குழாய் இறுகிவிட்டது, ரத்தத்தைத் தள்ள உடம்புக்கு இந்த அழுத்தம் தேவை, குறைத்தால் ஆபத்து என்று பெரிய பெரிய மருத்துவர்களே நம்பியிருந்தார்கள். காரணம் தெரியாத ரத்தக் கொதிப்புக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் 'எசென்ஷியல்' என்றுதான் பெயர். வேறு காரணம் தெரியாதது என்ற பொருளில் வைத்த பெயர் அது, ஆனால் உடம்புக்கு அவசியமானது என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரைஸ் என்று ஒரு மருத்துவர், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கீழ் அழுத்தம், அதாவது பிரஷர் அளவில் இரண்டாவதாகச் சொல்லும் எண், 115இலிருந்து 129 வரை இருந்த 143 ஆண்களை எடுத்து, பாதிப் பேருக்கு நிஜ மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அவர்கள் செய்த ஒரு காரியம்தான் என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. யார் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர் என்று கண்டுபிடிக்க, அதில் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினைக் கலந்தார்கள். அது சிறுநீரில் இறங்கினால் புற ஊதா விளக்கில் ஒளிரும். மீந்த மாத்திரைகளையும் எண்ணிப் பார்த்தார்கள். மனிதர்கள் மாத்திரையை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தே ஆராய்ச்சியைத் தொடங்கியிருக்கிறார்கள். முடிவு 1967இல் வெளிவந்தது. மருந்தில்லாதவர்களில் 27 பேருக்குப் பெரிய பாதிப்பு, அதில் நான்கு பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டே பேருக்குப் பாதிப்பு, இறப்பு இல்லை. கொதிப்பைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்று உலகம் ஒத்துக்கொண்டது அதற்கப்புறம்தான்.

அவர்கள் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்பின். நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்தது. அந்த வேர் கொதிப்பைக் குறைக்கிறது என்று 1949இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்ற இதய மருத்துவ இதழில் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர், பம்பாயில் ஓ.பி. பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்த ருஸ்தம் ஜால் வக்கீல். அளந்து, எழுதி வைத்து, திரும்ப வரச் சொல்லி, திரும்ப அளந்த வேலை அது. உங்கள் மகள் செய்யப்போவதும் அந்த வேலைதான்.

பட்டையைக் கட்டுவது லேசான காரியம் என்று நானும் நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு மருத்துவ முகாமுக்கு, தெரிந்த பேராசிரியர் ஒருவரோடு போனேன். காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா, மேட்டில் ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். ஒரு மாணவர் உடனே அளந்து 168 என்று எழுதினார். பேராசிரியர் அதை அடிக்கச் சொன்னார். அந்த அக்காவை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்தார். ஐந்து நிமிடம் யாரும் அவரிடம் பேசக் கூடாது என்றார். வரிசையில் நாற்பது பேர் நிற்க, அந்த ஐந்து நிமிடம் எனக்கே பொறுக்கவில்லை. அப்புறம் அளந்தால் 136. தேவையில்லாத மாத்திரையை ஆயுசுக்கும் விழுங்குவதிலிருந்து ஒருவர் தப்பித்தார். அடுத்து வந்த பெரியவர் எந்தத் தொந்தரவும் இல்லை என்று சிரித்தார். மூன்று முறை அளந்தும் 190க்குக் கீழே இறங்கவில்லை. திரும்பி வரும்போது, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடியும் வரை, பேராசிரியர் அந்தப் பெரியவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் மாத்திரை வாங்க வருவாரா, வரவில்லை என்றால் யார் போய்க் கேட்பது என்று.

கண்டுபிடிக்க என்ன மிச்சம் என்று கேட்டிருந்தீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று சாப்பிடுகிற நம் வீடுகளில் அதை எப்படிக் குறைப்பது? ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டுகிறவருடைய கொதிப்பு பகலில் தூங்கும்போது எப்படி இருக்கும்? கர்ப்ப காலத்தில் கொதிப்பு வந்த பெண்ணை இருபது வருடம் கழித்து யார் கூப்பிட்டு அளக்கிறார்கள்? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. வந்த மாத்திரை டப்பாவிலேயே கிடப்பது ஏன்? இதற்கெல்லாம் பதில் இங்கேயே உட்கார்ந்து பல வருடம் தேடினால்தான் கிடைக்கும்.

எல்லாக் கொதிப்பும் ஒன்றல்ல என்பதும் இருக்கிறது. 1955இல் மிச்சிகனில் ஜெரோம் கான், ஒரு பெண்ணின் கொதிப்புக்குக் காரணம் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியில் இருந்த கட்டி என்று காட்டினார். கட்டியை எடுத்ததும் கொதிப்பு இறங்கியது. அப்படிப்பட்டவரை ஓ.பி. வரிசையில் அடையாளம் காணத் தனிப் பயிற்சி வேண்டும்.

வருமானம் குறைவுதான், மறைக்க மாட்டேன். மாறுதல் உத்தரவு வந்தால் ஊர் மாற வேண்டும். அவள் காப்பாற்றியவர்களுக்குக் காப்பாற்றப்பட்டது தெரியாது. வராமல் போன பக்கவாதத்துக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்? ஆனால் அவளிடம் படித்த ஒவ்வொரு மாணவரும் அந்த ஐந்து நிமிடத்தைத் தன் ஊருக்குக் கொண்டுபோவார். எங்கள் தெருமுனை கிளினிக்கில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த முறை மகள் வீட்டுக்கு வரும்போது தறியை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்து, கையை நீட்டுங்கள். தலை சுற்றினால் மட்டும் போடுகிற மாத்திரையைப் பற்றியும் அவளிடம் சொல்லுங்கள். என்ன அளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.