அத்தையா, அக்காவா?

அன்புள்ள ஐயா,

டல்லாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு டி.என்.ஏ. முடிவுகளை வைத்துப் பெற்றோரைத் தேடித் தருகிறேன். இரண்டு ஆண்டாக இலவசம்தான். இனி தொழிலாகவே செய்யலாமா? சான்றிதழ் வேண்டுமா, கட்டணம் எவ்வளவு கேட்கலாம்? போன மாதம் 58 வயதுக்காரர் ஒருவருக்கு ஆன்செஸ்ட்ரி என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனத்தின் உறவினர் பட்டியலில் 1,780 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ.வின் அளவு) பொருத்தத்தோடு ஒரு பெண் வந்தார். இவரைவிட 12 வயது மூத்தவர். ஹாஃப் சிஸ்டர், அதாவது அப்பா ஒருவரே, அம்மா வேறு என்று ஒரே நாளில் முடிவுசெய்து, அந்தப் பெண்ணின் அப்பாதான் இவருக்கும் அப்பா என்று பெயரையும் சொல்லிவிட்டேன். மனிதர் போனிலேயே அழுதுவிட்டார்.

க.

அன்புள்ள க.,

சான்றிதழ் கட்டாயமில்லை. வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்று தரும் வாரியம் அமெரிக்காவில் 1964 முதல் இருக்கிறது. 2019-இல் தன் நெறிமுறைகளில் டி.என்.ஏ.வையும் சேர்த்தது. அந்த நெறிமுறைகளை வாங்கிப் படியுங்கள், போதும்.

என் கண் நின்றது அந்த 1,780-இல்தான். ஒரே நாளில் பெயரைச் சொல்லிவிட்டீர்களே! 58 வருஷம் காத்திருந்தவர் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க மாட்டாரா?

எந்த உறவுக்கு எத்தனை சென்டிமார்கன் வரும் என்று வம்சாவளி ஆய்வாளர் பிளெய்ன் பெட்டிங்கர் திரட்டிய அட்டவணையின் 2020 பதிப்பைத் திறந்து பாருங்கள். ஹாஃப் சிஸ்டருக்குச் சராசரி 1,759. ஆன்ட்டுக்கு 1,741. இந்த எண்ணை மட்டும் வைத்து எந்தக் கொம்பனாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. 12 வயது மூத்த ஆன்ட் எத்தனையோ வீடுகளில் உண்டு.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கும். உறவை ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். ஆன்ட் என்ற ஒரே சொல்லுக்குள் அத்தையும் சித்தியும் ஒளிந்துகொள்கிறார்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: அப்பா வழி அக்கா, அம்மா வழி அக்கா, அத்தை, சித்தி. பெரியம்மா வர வழியில்லை. 12 வயதுதான் மூத்தவர் என்றால் இவருடைய அம்மா அந்தப் பெண்ணுக்கும் மூத்தவராகத்தான் இருக்க வேண்டும். இனி ஒவ்வொரு வரியாக அடிக்கலாம்.

முதலில் எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். ஆன்செஸ்ட்ரி இதைக் காட்டாது. அந்தப் பெண்ணும் சம்மதித்தால் இருவரின் மூலத் தரவையும் இறக்கி, டி.என்.ஏ. தரவுகளை ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றி ஒப்பிடுங்கள். அந்தத் தளத்தில் போலீசும் குற்றவாளிகளைத் தேடும்; அந்தத் தேடலுக்குத் தரவைத் தருவதா வேண்டாமா என்பதை அவரவரே முடிவுசெய்யட்டும். எக்ஸில் நீளமான துண்டு பொதுவாக இருந்தால் அது அம்மா வழி. நீங்கள் சொன்ன அப்பா அத்தோடு விழுந்தார். எதுவும் இல்லையென்றால் அப்பா வழிக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் அதுவே நிரூபணம் ஆகாது. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டுமே வருவது; 23அண்ட்மீ போன்ற நிறுவனத்தின் சோதனையில் இருவரின் மைட்டோகாண்ட்ரியப் பிரிவும் வேறு வேறாக வந்தால் அம்மா வழி அடிபட்டது.

மிஞ்சுவது அக்காவா அத்தையா என்பது. அந்தப் பெண்ணுடைய அம்மாவின் உறவுகளைத் தேடுங்கள். அக்கா என்றால் அவருடைய அம்மாவின் ஆட்களுக்கும் நம்மவருக்கும் ரத்தத் தொடர்பே கிடையாது. அத்தை என்றால் உண்டு. அந்த அம்மாவுடன் பிறந்தவரின் பிள்ளை ஒருவர் சோதனை செய்திருந்தால் போதும். அவர் நம்மவருக்குச் சராசரி 433-இல் வர வேண்டும். அட்டவணையில் அந்த உறவுக்குப் பதிவான மிகக் குறைந்த எண்ணே 102. அவர் பட்டியலிலேயே இல்லையென்றால் அத்தையை அடித்துவிடலாம்.

அத்தை என்று வந்தாலோ, நீங்கள் அப்பா என்று சொன்னவர் உண்மையில் தாத்தா. செய்யாத காரியத்துக்கு ஒரு வயதானவர் தன் மனைவி முன்னால் தலைகுனிந்து நிற்பார். உண்மையான அப்பா அந்தப் பெண்ணின் அண்ணன் தம்பிகளில் ஒருவர். யார் என்று தெரிய அவர்களில் ஒருவரோ, அவருடைய பிள்ளையோ குழாயில் எச்சில் துப்பித் தர வேண்டும். பிள்ளைக்கு 1,750 பக்கத்தில் வந்தால் அவருடைய அப்பாதான். 866 பக்கத்தில் என்றால் பெரியப்பாவோ சித்தப்பாவோ.

(நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்த அட்டவணையை அப்படியே போடாதீர்கள். தாய்மாமனைக் கட்டிய வீடுகளில் எண் உப்பிவிடும். அது தனிக் கதை.)

கட்டணத்தை மணிக்கணக்கில் வாங்குங்கள். பெயர் கிடைத்தால்தான் பணம் என்று ஒப்புக்கொண்டால் கை தானாக அவசரப்படும்.

அந்த மனிதருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். பெயர் இன்னும் உறுதியாகவில்லை, அந்த வீட்டுக்கு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுபடி அழுவார், பொறுமையாகக் கேளுங்கள். ஏற்கெனவே எழுதிவிட்டார் என்றால் எனக்குத் தெரிவியுங்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதுவதென்று சேர்ந்து பார்ப்போம்.